நிறங்களின் பெயரைச் சொல்லாதவர்

மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் அதைத் திறந்து பார்ப்பார்கள். அவர் மூடியபடியே எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு பக்கவாட்டுகளைப் பார்த்தார். அடிப்பக்கத்தைத் தடவி, சூடு வெளியேறும் துளைகளில் விரலை வைத்தார். திறக்க மட்டும் அவருக்குக் கை வரவில்லை. கடைக்காரர் தாமே திறந்து, பொத்தானை அழுத்தித் திரையை அவர் பக்கம் திருப்பினார். அவர் ஓரடி பின்னால் போனார். பக்கத்தில் நின்ற எனக்கு எரிச்சலாக இருந்தது. வாங்கித் தருகிறவன் நான், பிகு செய்கிறவர் இவரா என்று நினைத்தேன். அது பயம் என்று எனக்குத் தெரிய மேலும் சில வாரங்கள் பிடித்தன.

கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரு கட்டடத்தின் மாடியில் டிசைன் ஆபீஸ் வைத்திருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை. கல்யாண அட்டை, துணிக்கடைப் பை, மிட்டாய்ப் பெட்டி, திருவிழா நோட்டீஸ் எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் செய்துகொடுத்தோம். அவர்தான் என் டிசைனர். களியக்காவிளைக்கு அப்பால் ஓர் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் இப்போதும் இருக்கிறார், அவருடைய வீட்டாருக்கு இன்றுவரை தெரியாத ஒன்றை நான் எழுதுகிறேன். அந்த நாளில் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது ‘அவர்’ என்றுதான் வருகிறது.

அவரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடவேண்டியது ஒன்று உண்டு. அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. பிறவியிலேயே அப்படி. கண் நல்ல கூர்மை. பேருந்து நிலையத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பஸ்ஸின் பலகையை இங்கிருந்தே படிப்பார். நிறம்தான் பிடிபடாது. பச்சை மிளகாயும் பழுத்த மிளகாயும் அவருக்கு ஒன்று. ரோஸ் நிறம் சில வெளிச்சங்களில் சாம்பலாகிவிடும். அப்படிப்பட்டவர் நிறம் கொடுத்துப் பிழைக்கும் தொழிலில் இருந்தார். அதை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்ற ஒரே கவலையோடு இருந்தார்.

நிறங்களின் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாண அட்டைக்கு வந்தவர் மாதிரிகளைப் புரட்டி, “இதே மாதிரி, ஆனா வேற கலர்ல வேணும்” என்றால், அவர் பேனாவை எடுத்துக்கொண்டு முன்னால் குனிவார்.

“எப்படி வேணும்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க.”

வந்தவர் மகிழ்ந்துபோவார். எந்தக் கடையில் இத்தனை பொறுமையாகக் கேட்பார்கள்? பெண்ணின் அப்பா யோசித்து, “மாம்பழ மஞ்சள், ஓரத்துல கிளிப்பச்சை” என்பார். இவர் அதையே திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொள்வார். “நாங்க சொல்லுகது முக்கியமில்ல, உங்க மனசுல உள்ளதுதான் முக்கியம்.” நானும் இதைத் தொழில் மரியாதை என்றே எண்ணிப் பெருமைப்பட்டேன்.

மேசையில் அவருக்கு ஒரு நிற அட்டைப் புத்தகம் உண்டு. அச்சு வேலை செய்கிற எல்லாரிடமும் இருக்கும் புத்தகம்தான். நான்கு மைகளை எந்த அளவில் கலந்தால் எந்த நிறம் வரும் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே சதவீதம் அச்சிட்டிருக்கும். மற்றவர்கள் கட்டத்தைப் பார்த்துவிட்டு எண்ணைப் பார்ப்பார்கள். அவர் எண்ணைத்தான் பார்த்தார். வருடக்கணக்கில் பார்த்து மனப்பாடமே ஆகிவிட்டது.

சட்டை எப்போதும் வெள்ளை. கிழக்கேகோட்டையில் சாலையைக் கடக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் காலை எடுத்து வைத்த பிறகே தான் வைப்பார். வண்டி ஒன்றுமே இல்லாவிட்டாலும் அப்படித்தான். பழக்கடையில் செவ்வாழைத் தாரின் முன் நின்று ஒவ்வொரு காயாக அழுத்தி, மூக்கருகே கொண்டுபோவார். “மோந்தே வயிறு நெறச்சிருவியளோ” என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே மேலும் ஒரு பழத்தை மோந்தார். கீழே கணபதி கோவிலில் நாள் முழுக்கத் தேங்காய் உடைபடும். என் காது அதைக் கேட்பதை என்றோ நிறுத்திவிட்டது. அவர் தோள் மட்டும் ஒவ்வொரு தேங்காய்க்கும் இலேசாகத் துள்ளும். எப்போதும் எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறவரின் உடம்பு அது.

ஆபீஸில் மூன்றாவதாக இருந்தவள் ஷீபா. மலையாளம் டைப் செய்வாள், அவருக்கு அடுத்த நாற்காலி. அவளுக்கு மட்டும் தெரியும். அவர் சொன்னாரா, அவளே கண்டுகொண்டாளா என்று எனக்குத் தெரியாது. ஒரு சஷ்டியப்தபூர்த்தி அட்டையில் பெரியவரின் முகத்தைச் சரிசெய்கிறேன் என்று இவர் பச்சையடிக்க வைத்துவிட்டார். அவள் திரையை எட்டிப் பார்த்து, “அண்ணா, அப்பூப்பன் ஹல்க்காயிப் போயல்லோ” என்று மெதுவாகச் சொன்னாள். தாத்தா சினிமாவில் வரும் பச்சை ராட்சசன் ஆகிவிட்டாராம். இருவரும் சிரித்தார்கள். அந்தப் படம் அப்படி அச்சுக்குப் போகவில்லை. நான் என் அறையில் உட்கார்ந்து, பிள்ளைகள் வேலை நேரத்தில் கேலி பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

ஷீபாவுக்குக் கல்யாணம் ஆகி வளைகுடாவுக்குப் போனாள். விடைபெற வந்தபோது என்னிடம், “சாரே, அண்ணனை ஒற்றைக்கு இருத்தருது. கூட ஆரெங்கிலும் வேணம்” என்றாள். தனியாக உட்காரவைக்காதீர்கள், துணைக்கு யாராவது வேண்டும் என்கிறாள். பாசத்தில் சொல்கிறாள் என்று தலையாட்டிவிட்டு, அந்த இடத்துக்கு நான் ஆள் வைக்கவில்லை. மலையாளமும் அவரே டைப் செய்வார் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதத்திலேயே மடிக்கணினிப் பேச்சு வந்தது.

காரணம் என் பயம்தான். ஓவர்பிரிட்ஜ் பக்கம் புதிதாக ஒரு டிசைன் ஆபீஸ் வந்திருந்தது. அவர்கள் மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளரின் கடைக்கே போனார்கள். முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல அவர் கண்முன்னாலேயே மாற்றிக் காட்டினார்கள். “உங்ககிட்ட அது இல்லியா சார்?” என்று எங்கள் வாடிக்கையாளர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பெல்லாம் உள்ளறையில் அவர் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் கணினியில் செய்வார், அச்செடுத்த மாதிரியை நான் கொண்டுபோய்க் காட்டுவேன், வாடிக்கையாளர் திருத்தம் சொல்வார். இனி யாராவது அவர் தோளருகே உட்கார்ந்து, திரையில் விரல் வைத்து ‘இதை மாற்று’ என்று சொல்லப்போகிறார்கள். நான் முன்னேற்றம் என்று நினைத்துச் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

“வாங்கியே ஆகணுமா சார்? இருக்கிற கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுது.”

“காலம் மாறுது தம்பி. நீயே வந்து தேர்ந்தெடு. டிசைன் வேலைக்கு எது சரின்னு உனக்குத்தானே தெரியும்.”

முதல் கடையில்தான் அந்தப் பின்பக்கப் பரிசோதனை. மலையாள, தமிழ் எழுத்துகளுக்கு நாங்கள் வைத்திருந்த மென்பொருள், தீப்பெட்டி அளவுள்ள ஒரு ‘லாக்’கைக் கணினியின் பிரிண்டர் துளையில் செருகினால்தான் ஓடும். புதிய மடிக்கணினிகளில் அந்தத் துளையையே எடுத்துவிட்டிருந்தார்கள். “லாக்கு மாட்ட எடமில்ல சார், எழுத்தே வராது” என்றார். உண்மைதான். வெளியே வந்தோம்.

இரண்டாவது கடையில் துளை இருந்தது. அவர் திரையைச் சாய்த்தார், நிமிர்த்தினார். பிறகு என்னைத் தமக்குப் பின்னால் நிற்கச் சொல்லிக் கேட்டார்.

“அங்க நின்னா எப்படித் தெரியுது?”

“கொஞ்சம் வெளுத்து.”

“உக்காந்து பாருங்க.”

“இப்ப அடர்த்தியா இருக்கு.”

“பாத்தியளா. நிக்கிறவனுக்கு ஒண்ணு, இருக்கிறவனுக்கு ஒண்ணு. இத வச்சு ஆரு கலர சொல்ல முடியும்?” இதுவும் உண்மை. அந்தக் காலத்து மடிக்கணினித் திரைகள் அப்படித்தான். ஆனால் அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை. குறை கிடைத்ததில் மகிழ்கிறார் என்று பட்டது. வேறெங்கோ வேலை பார்த்துவைத்திருக்கிறார், அதனால்தான் இழுத்தடிக்கிறார் என்று பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் முடிவே கட்டிவிட்டேன்.

மூன்றாவது கடையில் நான் முந்திக்கொண்டேன். துளை உண்டா? உண்டு. திரை பெரிதா? பெரிது. கடைக்காரர் இளைஞர், சுறுசுறுப்பானவர். திரையில் ஒளிராமல் செத்த புள்ளிகள் இல்லை என்று காட்ட, முழுத் திரையையும் ஒவ்வொரு நிறமாக மாற்றிக் காட்டினார். ஒரே நிறம் விளிம்பிலிருந்து விளிம்புவரை நிறைந்து நின்றது. “நோக்கிக்கோ சாரே, ஒற்ற டாட் காணில்லா.” நிறம் மாறியது. “ரெட்டில் உண்டோ?”

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நெற்றியில் வியர்வை புள்ளி புள்ளியாக எழும்பியது. கடைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இளைஞர் அடுத்த நிறத்துக்குப் போனார். வெகுநேரம் பார்த்துவிட்டு, “ரெட்டில ஒண்ணுமில்ல” என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். திரையில் அப்போது நின்றது பச்சை.

“ரெட் கழிஞ்ஞு சேட்டா, இது க்ரீன் ஆணு” என்றார் இளைஞர், சிரிக்காமல். நல்ல பிள்ளை. இவர், “ஆமா ஆமா, நான் முன்னாடி உள்ளதச் சொன்னேன்” என்றார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஒளியியலை வருடம் வருடமாக நடத்தியவன் நான். “இதையே எடுத்துக்குவோம்” என்று சொல்லிவிட்டேன். அவர் பெட்டியை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். அவ்வளவு பத்திரமாகத் தூக்குகிறாரே, பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணினேன்.

சாலை பஜார் என்ற கடைத்தெருவில் எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒரு துணிக்கடை அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரிடம்தான் முதலில் போனோம். துணிப்பை டிசைன். வெள்ளைப் பின்னணியில் வட்டமாகப் பூக்கள். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்து இவருக்கு நெருக்கமாக உட்கார்ந்தார்.

“எல்லாப் பூவும் ஒரே கலரா இருக்கே வேய். ஒண்ணுவிட்டு ஒண்ணு மாத்தும். ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்ச.”

இவர் மாற்றினார். எண்கள்தான் மனப்பாடமாயிற்றே. விரல்கள் தட்டச்சுப் பலகையில் ஓடின. அண்ணாச்சி, “பரவால்லியே, மந்திரம் மாதிரி வருது” என்றார். இவர் முகத்தில் ஒரு சிறு வெளிச்சம் வந்தது. பூக்கள் எல்லாம் ஒரே வடிவம், ஒரே அளவு.

பிறகு அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்தார். “இப்ப அந்த மேல உள்ள செவப்புப் பூவ மட்டும் பெருசாக்கும்.”

மேலே அருகருகே இரண்டு பூக்கள். அம்புக்குறி அவற்றின் நடுவே வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. “எதச் சொல்லுகிய, உங்க வாயால…” என்று தொடங்கினார். “செவப்பத்தான் சொல்லுதேன்” என்றார் அண்ணாச்சி. அம்புக்குறி நகர்ந்தது. பச்சைப் பூ பெரிதாகியது.

“என்ன வேய், செவப்பக் கேட்டா பச்சயப் புடிக்கீரு. காலைல வீட்டுல சண்டையா?”

இவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்றாவது கடை, வெள்ளைச் சட்டை, செவ்வாழை, ஷீபா சொல்லிவிட்டுப் போனது, எல்லாம்.

ஆபீஸ் மாடிப்படியில் நான்தான் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ரயில்வேக்கு எழுதிப் பாஸாயி, மெடிக்கல்ல ஒரு புஸ்தகம் காட்டினாவ சார். பூரா புள்ளி. உள்ள என்ன நம்பர்னு கேட்டாவ. எனக்க கண்ணுக்குப் புள்ளி மட்டும்தான் இருந்துது. வீட்டில நெஞ்சளவு போதலன்னு சொல்லி வச்சிருக்கேன். பெறவு ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். ரயில்வேக்காரன் புஸ்தகத்தில நம்பரு கலருக்குள்ள ஒளிஞ்சு கெடந்துது. கம்ப்யூட்டர்ல கலருக்கு அடியிலேயே நம்பர எழுதிப் போட்டிருந்தாவ. இது நமக்கு ஆவும்னு நெனச்சேன்.”

“வீட்டுக்காரிக்குத் தெரியாதா?”

“தெரியாது. ரெண்டும் பொம்பளப் பிள்ளைய சார். நாளைக்கு மாப்பிள்ள பாக்கையில, தகப்பனுக்குக் கண்ணுல கொற, பிள்ளையளுக்கு வரும்னு எவனாவது பறைவான். தொழில்ல தெரிஞ்சா ஒரு ஆளு வருவானா? நீங்க வெளிய சொல்லப்பிடாது.”

“யாரிடமும் சொல்லமாட்டேன்” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்றிருந்தன. நானும் மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

ஆனால் அன்றிலிருந்து அவருக்குப் பின்னால் என் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். ஷீபாவின் இடத்தில் நான் உட்காருகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷீபா அவர் கேட்டால் சொல்வாள். நான் கேட்காமலே சொன்னேன். இதைக் கூட்டு, அதைக் குறை. அவர் எண்ணை நம்பினார், நான் என் கண்ணை நம்பினேன். நிறம் தெரியாதவரின் எண்ணைவிட நிறம் தெரிந்தவனின் பார்வை மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். என் நாற்காலி கிரீச்சிட்டால் தோள் துள்ளியது.

கல்யாண மாதங்களுக்காக அண்ணாச்சி ஒரு நோட்டீஸ் கேட்டார். முழுப் பக்கமும் ஒரே ஒரு புடவை, வாடாமல்லிப் பட்டு. இவர் அந்தக் கடைக்குப் போய், விற்பனைப் பெண்ணிடம் நிற அட்டைகளைப் புடவையின்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லி, அவள் வாயால் சொல்ல வைத்து, எண்ணைக் குறித்து வந்திருந்தார். புடவையைக் கடை வாசலில் நல்ல வெயிலில் நானும் பார்த்தேன். ஜொலித்தது. ஆபீஸில் மடிக்கணினித் திரையில் பார்த்தபோது அது மங்கி, பழுப்பேறியதுபோல எனக்குத் தெரிந்தது.

“நீலம் போதாது.”

“புக்கில இதுதான் சார் உள்ளது. அந்தப் பொண்ணு துணிமேல வச்சே பாத்துது.”

“புக்கைப் பார்க்காதே. திரையைப் பார்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் திரையைப் பார்த்தார். “எவ்வளவு கூட்டட்டும்?” என்றார். கூட்டினார். இன்னும் என்றேன். இன்னும் கூட்டினார்.

அச்சாகி வந்ததும் அண்ணாச்சி நேரில் வந்தார். புடவையை என் மேசைமேல் விரித்து, பக்கத்தில் நோட்டீஸை வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இது வாடாமல்லியா சார்? பேனா மசி. இதப் பாத்துட்டு வார பொம்பளைக்கு நான் எந்தச் சேலையக் காட்டுவேன்? யாரு கலர் பாத்தா?”

என் கண்ணுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. அண்ணாச்சி போனால் ஆபீஸே போய்விடும். ஓவர்பிரிட்ஜ்காரன் கீழே காத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. என் டிசைனர் அடுத்த மேசையில் இருந்தார். நான் சொன்னேன்:

“அவனுக்குக் கலர் தெரியாது அண்ணாச்சி. பிறவிக் கோளாறு. மறைச்சுட்டான். எனக்கே இப்பத்தான் தெரியும்.”

அவர், நான் எண்ணை மாற்றச் சொன்னதைச் சொல்லவில்லை. மடிக்கணினியின் மூடியை மெதுவாகச் சாத்தினார். அண்ணாச்சி திரும்பி அவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு புடவையின் தலைப்பைத் தூக்கிக் காட்டி, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்: “அப்ப இது உமக்கு எப்படித்தான் தெரியுது?”

அந்தக் கேள்வி அதற்குப் பிறகு அவரை விடவில்லை. சாலை பஜாரில் செய்தி மூலைமூலையாகப் போனது. கீழ்த்தள ஜெராக்ஸ் கடைக்காரர் பேனாவைத் தூக்கிக் காட்டுவார், “அண்ணா, இது ஏது கலரா?” டீ கொண்டுவருகிறவர் கேட்பார். கூரியர்காரர் கேட்பார். யாருக்கும் பகையில்லை, வேடிக்கைதான். அவர் ஒவ்வொருவருக்கும் சிரித்தார். சில சமயம் சரியாகவும் சொல்லிவிடுவார், அப்போது கைதட்டுவார்கள். நான் என் அறையில் இருந்தேன். ஒருநாள் காலை அவர் வரவில்லை. மடிக்கணினி துடைத்து, வயரைச் சுற்றி, என் மேசையில் இருந்தது. அந்த மாதச் சம்பளத்தைக்கூட வாங்க வரவில்லை. ஆளனுப்பிக் கொடுக்க நானும் நினைக்கவில்லை.

ஆபீஸும் வெகுநாள் ஓடவில்லை. மூடினேன். அதற்குப் பிறகு கண்ணில் புரை என்று அறுவைசிகிச்சை செய்துகொண்டேன். கட்டைப் பிரித்த காலையில் ஆஸ்பத்திரிச் சுவர் நீலம் பூசியதுபோல் இருந்தது. வெள்ளைதான் அடித்திருக்கிறார்கள் என்றாள் என் மனைவி. அவள் உடுத்தியிருந்தது பழுப்புப் புடவை என்று இருந்தேன், அது கத்தரிப்பூ. டாக்டர் இளம்பெண். “முன்னால உங்க கண்ணுக்கு எல்லாத்துமேலயும் ஒரு மஞ்சக் கண்ணாடி போட்ட மாதிரி இருந்திருக்கும் சார். நீலம், ஊதாவெல்லாம் சரியாத் தெரிஞ்சிருக்காது” என்றார்.

“எத்தனை வருஷமாக இருக்கும்?”

“மெதுவா வர்றது சார். பல வருஷம் இருக்கலாம். வந்தவங்களுக்குத் தெரியவே தெரியாது.”

அன்று திரையில் நான் பார்த்த மங்கல் எங்கே இருந்தது என்று அப்போது புரிந்தது. அவர் குறித்து வந்த எண் நிச்சயமாகச் சரியானது என்றும் என்னால் சொல்ல முடியாது. அதை அச்சிட்டே பார்க்கவில்லையே. என் கண் தவறு என்பது மட்டும்தான் நிச்சயம். தம் கண்ணில் குறை உண்டு என்று அவருக்குத் தெரியும், அதனால் ஆயுள் முழுக்கப் பிறரைக் கேட்டார். எனக்குத் தெரியாது, அதனால் யாரையும் கேட்கவில்லை.

விசாரித்துக் களியக்காவிளை பஸ்ஸில் போய் இறங்கினேன். வீட்டோடு சேர்ந்த சிறிய கடை. விண்ணப்பம் டைப் செய்வது, நகல் எடுப்பது. எல்லாம் கறுப்பு வெள்ளை வேலை. தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. நான் வாய் திறக்கும் முன் வாசலைக் கடந்து வெளியே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சார், பெரியவள பெண் பார்த்துட்டுப் போயிருக்காவ. உள்ள எல்லாரும் இருக்கு.”

நான் வந்தது மன்னிப்புக் கேட்க. அவர் கண்ணில் இருந்தது, இந்த மனிதர் மறுபடியும் சொல்லிவிடுவாரோ என்பது.

அதற்குள் மனைவி எட்டிப் பார்த்து, திருவனந்தபுரத்து முதலாளியா, உள்ளே வாருங்கள் என்று பெஞ்சில் உட்காரவைத்தார். டீ வந்தது. அவர் நகல் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றார். உட்காரவில்லை.

“இவிய எப்பவும் சொல்லும் சார்” என்றார் அந்த அம்மா. “அங்க கலரு பூரா இவியதான் பாத்துதாம். பெறவு ஏன் சார் வேலைய விட்டது? கேட்டா சொல்லவே மாட்டாவ.”

டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் கை இயந்திரத்தின் மூடியைப் பற்றியிருந்தது. நகம் வெளுத்திருந்தது.

“ஆமாம்மா. எல்லாம் இவர்தான் பார்த்தார். கடைசியில ஒரு வேலையில நான் கலர் பார்த்தேன், கெடுத்துவிட்டேன். அதோட ஆபீஸ் படுத்துவிட்டது.”

“சும்மா சொல்லுகிய சார்” என்று அந்த அம்மா சிரித்தார். “படிச்சவிய எப்பவும் இப்படித்தான் தாழ்த்திச் சொல்லும்.” உள்ளேயிருந்து பெண்களும் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் சொன்ன உண்மை அந்த வீட்டில் உபசாரப் பேச்சாகக் கரைந்துபோனது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்து நான் என்ன சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். வழியில் இரண்டு முறை ஆரம்பித்தேன். “அந்த வாடாமல்லிப் புடவை…” என்றேன். “பஸ் வருது சார்” என்றார். வந்தது பஸ் இல்லை, தண்ணீர் லாரி. மறுபடி, “என் கண்…” என்றேன். “உடம்பப் பாத்துக்கிடுங்க” என்றார்.

பஸ் வந்ததும் என் பையை வாங்கி உள்ளே வைத்து, ஜன்னலோரம் இடம் பிடித்துத் தந்தார். இறங்கிப் போய் எதிரே கடை நிழலில் நின்றார். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். வெயில் ஏறி அந்த நிழலும் போனது. வெயிலிலேயே நின்றார். போங்கள் என்று நான் கையசைத்தேன், அவர் போகவில்லை. வண்டி புறப்பட்டு வளைவில் திரும்பும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைக்காரர், “சொந்தக்காரரா? எவ்வளவு மரியாதை பாருங்க” என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். நான் போய்விட்டேன் என்று தம் கண்ணால் பார்க்காமல் அவரால் வீட்டுக்குத் திரும்ப முடியாது.